அணைக்க மறந்த மைக்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா?

பொதுமக்களுக்கான அறிவியல் கலந்துரையாடலில், இரண்டு பேராசிரியர்களோடு நானும் மேடையேறினேன். அதற்கு முன் உனக்குப் போன் செய்து, "பயமா இருக்கும்மா... சரி, நீ சொன்ன மாதிரி தெரியாததைத் தெரியலன்னே சொல்லிடறேன்" என்றேனே, சட்டையில் மாட்டிய மைக்கை அணைக்காததால் அரங்கமே அதைக் கேட்டிருக்கிறது!

முதல் கேள்வியே எனக்குத்தான்: "புது இடத்துல ஏன் தூக்கம் வரமாட்டேங்குது?" தூக்கத்தை ஆராய்கிறவள் ஆயிற்றே, தெரிந்தவரை சொல்லிவிட்டு, "மீதி தெரியலங்க" என்றேன். ஒரே கைதட்டல். பிறகு பேராசிரியர்களும் துணிந்து "தெரியல" என்றார்கள். உன் வார்த்தைக்கு விழுந்த கைதட்டல் அம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆய்வகத்துக்கு நேரமாகிவிட்டது. இந்தப் புது ஊரில் எனக்கும் தூக்கம் வரவில்லை, உன் பழைய போர்வையை அனுப்பு. துவைத்துவிடாதே.

உன் மகள்