தேநீருக்குப் பின் பேசிய பாதியை மீண்டும் பேசித் தரக் கோருதல்

அனுப்புநர்:
நாகலிங்கம் பஞ்சலிங்கம்,
வெங்காய மொத்த வியாபாரி, சுன்னாகம்.
(வதிவிடம்: இணுவில்)

பெறுநர்:
சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்,
பிரதேச சுகாதாரப் பணிமனை.

விடயம்: இளவயதினரின் ஒவ்வாமை பற்றிய தங்கள் உரையில் முதற்பாதி மட்டும் ஊரில் பரவி, என் மகளின் கலியாணப் பேச்சு நின்றுபோனமை

மதிப்புக்குரிய வைத்தியர் ஐயா,

1. சென்ற மாதம் எங்கள் சனசமூக நிலையத்தில் தாங்கள் ஆற்றிய உரையில் ஒரு குறையும் இல்லை. குறை, நடுவில் கொடுத்த தேநீரில். தேநீரோடு கொடுக்கப் பொரித்த றோல்ஸ் ஆறிவிடும் என்று நிலையத் தலைவர் அவசரப்பட்டார். எங்கள் ஊரில் தேநீர் வந்தால் கூட்டம் முடிந்தது என்றுதான் அர்த்தம். இதைத் தங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சனம் றோல்சோடு எழும்பிப் போய்விட்டது.

2. தேநீருக்கு முன் தாங்கள் சொன்னது: தாய் தகப்பனுக்கு ஒவ்வாமை இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். பின் சொன்னது: அந்த வாய்ப்பு நோயாக மாறுவதில் வீட்டுப் புகை, தூசி பிடித்த மெத்தை, பிள்ளையை மண்ணில் கால் வைக்க விடாமல் பூட்டி வளர்ப்பது எல்லாவற்றுக்கும் பங்குண்டு. இந்தப் பின்பாதியைக் கேட்டது நானும் கதிரைகளை அடுக்கி வைக்க நின்றவர்களும்தான்.

3. என் மகள் தக்சாயினிக்குக் காலையில் தும்மல். இறால் சாப்பிட்டால் கை தடிக்கும். எனக்கும் அப்படித்தான், என்னிடமிருந்து போனது, மறுக்கவில்லை. தேனுஜன் என்ற மாப்பிள்ளைக்குப் பேசி, சாதகமும் பொருந்தி, ஆவணியில் நாள் வைக்க இருந்தோம். மாப்பிள்ளையின் தாய் பராசக்தி அம்மா முன்வரிசையில் இருந்து முதற்பாதியை மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த நாள் தரகர் வந்து, "அண்ணை, மாப்பிள்ளை வீட்டார் பேரப்பிள்ளையளின்ரை மூக்கையும் யோசிக்கினமாம்" என்றார்.

4. சந்தையில் நான் சாக்கு அவிழ்த்துத் தும்மினால், "உது பரம்பரைத் தும்மலோ, வெங்காயத் தும்மலோ?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அதை நான் தாங்குவேன். வீட்டில் மகள் ஆள் வந்தால் தும்மலை அடக்கப் பழகுகிறாள். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

5. பரம்பரை பொய் என்று தாங்கள் எழுதித் தர வேண்டாம். அழுகலைச் சாக்கின் அடியில் போட்டு விற்கிற பழக்கம் எனக்கில்லை. உள்ளதை முழுதாகச் சொன்னால் போதும். ஆகவே அதே இடத்தில், பின்பாதியை முதலில் வைத்து, மறுபடி ஒருமுறை பேசுங்கள். சாப்பாட்டுச் செலவு என்னுடையது, கடைசியில்தான் பரிமாறப்படும். பராசக்தி அம்மா குடும்பத்துக்குத் தங்கள் குடும்பநல உத்தியோகத்தர் நேரில் போய்ச் சொன்னால் நல்லது. மகளின் பெயரை மட்டும் மேடையில் எடுக்க வேண்டாம்.

6. இதுவரை எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்பா, அவை திரும்பி வந்தாலும் நான் உடனை ஓம் சொல்லமாட்டன். தேனுஜன்டை அப்பா வீட்டுக்குள்ளை இருந்து நாள் முழுக்கச் சுருட்டுப் பத்துறார். என்ரை மூக்கை மாத்தேலாது. சுருட்டை வெளியிலை வளவுக்குக் கொண்டு போகலாம்தானே?" என்றாள். எனவே ஐயா, புகை பற்றிய இடம் வரும்போது சற்று உரத்துப் பேசுங்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் தம்பிராசாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

ஆவணிக்கு முன் ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டு நிற்கும்,

நா. பஞ்சலிங்கம்
(ஒப்பம்)

இடம்: சுன்னாகம்
திகதி: 12.06.2025