முடிசூடிய சமையல்காரன்

அன்னவாசல்,
6.1.2025

அன்புள்ள பிளெஸ்ஸி அக்காவுக்கு,

உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால் நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் படித்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். உங்கள் முகவரியை உங்கள் ஊர் ஆவூர் மாதா கோயிலில் கேட்டு வாங்கினேன்.

பிளஸ் டூ படிக்கும்போது நீங்கள் எழுதிய ‘முடிசூடிய சமையல்காரன்’ பாட்டு நாடகத்தை ஆண்டு விழாவில் மறுபடியும் போடுகிறோம். போருக்குப் பயந்த அந்தக் கால அரசன், தன் அடிமைச் சமையல்காரன் தலையில் கிரீடத்தை வைத்துவிட்டு அடுப்படியில் ஒளிந்துகொள்வதை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. நான்தான் சமையல்காரன். அன்று ராணியாக நடித்த அமிர்தவல்லி அக்காதான் இன்று எங்கள் தமிழ் டீச்சர். அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது, மேடையேறாமல் போன கடைசிக் காட்சியைத் தவிர. சமையல்காரனுக்கு விடுதலை கிடைத்ததா? எழுதி அனுப்புங்கள் அக்கா.

இப்படிக்கு,
தி. பிரகதீஸ்வரி

கோயம்புத்தூர்,
17.1.2025

அன்புள்ள பிரகதீஸ்வரிக்கு,

உன் வயதில் எனக்கு மகள் இருக்கிறாள். ஆனாலும் அக்கா என்றே கூப்பிடு, நன்றாக இருக்கிறது.

அந்த நாடகம் வேண்டாம் கண்ணு. அன்று பாதியிலேயே சிறப்பு விருந்தினர் பொன்னாடையோடு மேடையேறி, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று சமையல்காரனுக்குப் போர்த்தினார். கூட்டம் சிரித்தது. தலைமையாசிரியர் திரையை இழுக்கச் சொல்லிவிட்டு, எல்லார் முன்னாலும் “இதெல்லாம் ஒரு நாடகமா?” என்று என்னைக் கேட்டார். அவர்கள் சிரித்தது நாடகத்துக்கு அல்ல, எனக்கு. இப்போது மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். அந்த ஆண்டு விழாவுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை.

அன்புடன்,
பிளெஸ்ஸி

அன்னவாசல்,
24.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் ஒத்திகை. ஒளிந்திருக்கும் அரசன் வெங்காயம் உரித்து அழ, நாட்டை நினைத்து அழுகிறான் என்று ராணியும் சேர்ந்து அழும் காட்சி. சமைக்கும் காத்தாயி அம்மா வாசலில் நின்று பார்த்துச் சிரித்துச் சிரித்து, சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. “ஏன்டி, ராசாவுக்கு வெங்காயம் உரிக்கத் தெரியலயே! எங்கிட்ட அனுப்புங்கடி அவன!” என்றார். எல்லாரும் தீய்ந்த சாம்பாரைத்தான் சாப்பிட்டோம். அவருக்கு உங்களைத் தெரியாது அக்கா. நாடகத்துக்குத்தான் சிரித்தார்.

பிரகதீஸ்வரி

கோயம்புத்தூர்,
3.2.2025

அன்புள்ள பிரகதீஸ்வரிக்கு,

சாம்பாரைப் படித்து வார்டில் தனியாகச் சிரித்தேன். கடைசிப் பாட்டு இதோ:

உப்புப் போட்ட கை இது, ஊருக்கெல்லாம் சோறிடும்;
பசித்தவர்க்குப் படைத்திடும், பணிந்து நிற்க மறுத்திடும்.

ஒன்றே ஒன்று. இந்த முறை கடைசிவரை போக வேண்டும். நான் வரவில்லை, எனக்குத் தைரியம் இல்லை.

பிளெஸ்ஸி

அன்னவாசல்,
22.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மாலை ஆண்டு விழா. நான் கிரீடத்தோடு உட்கார்ந்திருந்தேன். சிறப்பு விருந்தினர் பொன்னாடையோடு மேடையேறிவிட்டார்! “ஒரு கல்யாணத்துக்குப் போவணும்மா. போத்திட்டுப் போயிர்றேன்” என்றார். கூட்டம் சிரித்தது. திரைக் கயிற்றைப் பிடித்திருந்த அண்ணன் தலைமையாசிரியையைப் பார்த்தார். திரை விழப்போகிறது என்றே நினைத்தேன். ஆனால் நான் அரசன் அல்லவா?

“வாங்க புலவரே! எல்லாப் புலவரும் பரிசு வாங்க வருவாங்க. குடுக்க வந்த மொத ஆளு நீங்கதான். இங்கிட்டு ஒக்காருங்க, சாப்பிட்டுத்தான் போகணும்!” என்றேன்.

கைதட்டலில் கொட்டகையே அதிர்ந்தது. அவரும் சிரித்துக்கொண்டு சிம்மாசனப் படியில் உட்கார்ந்தார். திரையை இழுக்க வேண்டாம் என்று தலைமையாசிரியை கையசைத்தார். பிறகு புலவர் எழுந்திருக்கவே இல்லை. டிரைவர் வந்து கூப்பிட்டதற்கு, “கல்யாணம் கெடக்குப்பா, இவனுக்கு விடுதல கெடைக்குதான்னு பாப்போம்” என்றார்.

கிடைத்தது அக்கா. கிரீடத்தைக் கழற்றி அரசன் கையில் கொடுத்துவிட்டு உங்கள் பாட்டைப் பாடினேன். காத்தாயி அம்மா எழுந்து நின்று, “இன்னொருக்காப் பாடு ஆத்தா!” என்று கத்தினார். இரண்டாம் முறை கூட்டமே சேர்ந்து பாடியது. அமிர்தவல்லி டீச்சர் மைக்கில், “எழுதியவர் ஆவூர் பிளெஸ்ஸி” என்றார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். உங்களுக்குத்தான்.

ஆவூர்க்காரர்கள் தேர்த் திருவிழாவுக்குப் போடச் சொல்கிறார்கள். எழுதியவர் முன்வரிசையில் உட்கார்ந்தால்தான் நடிப்போம் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாடகம் முடிந்தும் யாரும் கிளம்பவில்லை, பாடிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உங்கள் சமையல்காரன்,
பிரகதீஸ்வரி