எறும்பு நிற்க வேண்டாம்

ஜூலை 4

அன்புள்ள உங்களுக்கு,

நலம். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே சண்டை வருகிறது. அதனால்தான் கடிதம். நீங்கள் வேலையை விட்டுவிட்டுச் செய்தீர்களே, நாம் ஆளுக்கொரு வீட்டில் இருக்கக் காரணமான அந்த எறும்பு விளையாட்டு, அதை உங்களைக் கேட்காமலே என் கம்ப்யூட்டர் வகுப்பில் போட்டுவிட்டேன்.

லூப், அதாவது ஒரே கட்டளையைக் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பச் செய்வது, என்றால் என்னவென்று போர்டில் எழுதிக் கத்திக் கத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். எறும்புக்குக் கட்டளை எழுதச் சொன்னதும் வகுப்பே சந்தைக்கடையாகிவிட்டது. புற்று நிறைந்த பிறகும் எறும்பு சர்க்கரை சுமந்துகொண்டே இருக்கிறதல்லவா? வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து, "மிஸ், எப்ப நிறுத்தணும்னு அதுக்கு யாருமே சொல்லல!" என்று கத்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கெட்டிக்காரர்தான் நீங்கள்.

இப்படிக்கு,
நான்

ஜூலை 9

அன்புள்ள டீச்சரம்மா,

உன் பாராட்டைப் படித்து மானமே போயிற்று. அது பாடமில்லை, என் தப்பு. புற்று நிறைந்ததும் எறும்பு தானாக நிற்க வேண்டும்; அந்தக் கட்டளையை நான் எழுத மறந்துவிட்டேன். திருத்திப் பென் டிரைவில் அனுப்பியிருக்கிறேன்.

நான் தொடும் கடைசி விளையாட்டு இதுதான். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. நீ ஆசைப்பட்டபடி மாதச் சம்பளக்காரனாகிவிடுகிறேன். அப்புறமாவது நான் வீட்டுக்கு வரலாமா?

உன்,
வெட்டி ஆபீசர்

ஜூலை 13

அன்புள்ள வெட்டி ஆபீசருக்கு,

திருத்தச் சொன்னது யார்? உங்கள் எறும்பு இப்போது சமர்த்தாக நிற்கிறது, பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். அந்தத் தப்போடு முட்டி மோதியபோதுதான் அவர்கள் மண்டையில் பாடம் ஏறியது. பழையதையே மறுபடி போட்டுவிட்டேன்.

"கிளாஸ்ல விளையாட்டா?" என்று பிரின்சிபால் குதித்துக்கொண்டு வந்தார். கடைசி பெஞ்சுப் பெண் அவரையும் உட்காரவைத்துக் கட்டளை எழுதச் சொன்னாள். மணி அடித்தும் மனுஷர் எழுந்திருக்கவில்லை.

"இதை யாரும்மா செஞ்சது?"

"எங்க வீட்டுக்காரர் சார்."

சொல்லும்போது பெருமை தாங்கவில்லை எனக்கு.

சம்பளக்காரர்தான் வேண்டும் என்று சண்டை போட்டவள் நான்தான். இப்போது வேண்டாம் என்பவளும் நான்தான். என் சம்பளம் இரண்டு வயிற்றுக்குத் தாங்கும். வெள்ளிக்கிழமை இன்டர்வியூவுக்குப் போகாமல் என் வகுப்புக்கு வாருங்கள். அடுத்த பாடத்துக்கு என்ன தப்பு வைக்கலாம் என்று பிள்ளைகளைப் பார்த்தால்தானே உங்களுக்குத் தெரியும்?

வகுப்பு ஒரு மணி நேரம்தான். ஆனால் பெட்டியைப் பெரிதாகவே கட்டிக்கொண்டு வாருங்கள்.

உங்கள்,
மனைவி