பாதி மரத்தில்

தக்கலை
10-11-1954

அன்பு மகன் செல்வதாஸுக்கு அம்மா நேசம்மாள் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் கஞ்சிக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் பம்பாயில் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். உன் தங்கை ராஜபாய்க்கு இருமல் விட்டது, மழை பெய்து கிணறு நிறைந்திருக்கிறது. மின்சார ரயிலில் வாசலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போவதாக நீ எழுதியதை வாசித்தேன், ஒரு வண்டி போனால் அடுத்த வண்டியில் போ மக்களே, இந்த வீட்டில் வண்டியால் பட்டது போதும்.

அப்பா கேஸ் விஷயம் கேட்டிருந்தாய். கருப்பட்டி விற்கச் சந்தைக்கு நடந்துபோனவரை லாரி இடித்துக் கணுக்காலை ஒடித்ததற்கு லாரிக்காரர் கையிலிருந்து தரவேண்டியதில்லையாம், அந்த லாரிக்கு இன்சூரன்ஸ் போட்ட கம்பெனிதான் தரவேண்டுமாம். ஆஸ்பத்திரிச் செலவோடு, செய்துவந்த தொழில் இனிச் செய்ய முடியாமல் போனால் அதற்கும் நஷ்டஈடு உண்டு என்று வக்கீல் கிருஷ்ணமணி சொன்னார். ஆனால் கம்பெனி டாக்டர் அப்பாவை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, எலும்பு கூடிவிட்டது, ஒரு குறையும் இல்லை என்று எழுதிவிட்டார். தரையில் நடக்கிற காலும் பனையில் ஏறுகிற காலும் ஒன்றா, கணுக்கால் மடங்காமல் பாதத்தில் தளைக்கயிறு போட்டு ஏறுவது எப்படி என்று வக்கீல் விடாமல் கேட்டதில், கம்பெனியிலிருந்து ஒருவர் போன செவ்வாய்க்கிழமை வக்கீலோடு வீட்டுக்கே வந்தார். மரியாதையாகத்தான் கேட்டார், பெரியவரே, இப்போது பனை ஏற முடியுமா முடியாதா என்று. உள்ளதைச் சொன்னால் தீர்ந்தது. உன் அப்பாவோ சுவரில் தொங்கிய தளையை எடுத்துக்கொண்டு கிணற்றடிப் பனைக்குப் போய்விட்டார். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பாதி மரம் வரை ஏறிவிட்டார் மக்களே. எனக்கு வந்த கோபத்தில், கிடைக்க இருந்ததையும் இந்த மனுஷன் கெடுத்தாரே என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அதற்குள் அந்தக் கால் நடுங்கத் தொடங்கியது. மேலே போகவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். பிறகு, ஏட்டி நேசம், என்னக்கொண்டு முடியாதுட்டி, ஜெபதாஸக் கூப்பிடு என்று சத்தம் கொடுத்தார். கல்யாணமான நாள் முதல் அவர் வாயிலிருந்து நான் அப்படி ஒரு பேச்சுக் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு ஜெபதாஸ் கயிற்றோடு ஏறி, இடுப்பில் கட்டி மெல்ல இறக்கினான். நான் சொன்ன பேச்சை நினைத்து அடுக்களையில் போய் அழுதேன். கம்பெனிக்காரர் முகம் வெளுத்துப்போய், போதும், இனி யாரும் இவரைச் சோதிக்க வேண்டாம், நான் பார்த்ததை எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனார். தொழிலுக்கும் சேர்த்தே தர ஒத்துக்கொண்டார்கள் என்று நேற்று வக்கீல் ஆள் அனுப்பினார்.

பணம் வரும், வந்தால் வாசலில் ஒரு சின்னக் கடை வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அப்பாவுக்குச் சந்தோஷமில்லை. காலுக்கு விலை சொல்லலாம், மரத்தில் ஏறுவதுதான் தன் ஆண்மை என்று வாழ்ந்தவருக்கு எதைக் கொடுத்து ஈடுகட்டுவது? மழை முடிந்து மரம் பதநீர் சுரக்கட்டும், ஏறிக் காட்டுகிறேன் என்கிறார், பாளை சீவும் அரிவாளைத் தீட்டுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, என் பேச்சு அவர் காதில் ஏறாது. அதனால் நீ அவர் பேருக்குத் தனியாக ஒரு காகிதம் எழுது. ராஜபாய் சத்தமாக வாசித்துக் காட்டுவாள், ஆகையால் நான் சொல்லி எழுதியதாக ஒரு சொல்லும் வரக்கூடாது. காலைப் பற்றி மூச்சு விடாதே. நான் சம்பாதிக்கும்போது நீங்கள் பனை ஏறுவது எனக்குக் குறைச்சலாக இருக்கிறது, இனி ஏறினால் நான் ஊருக்கே வரமாட்டேன் என்று கோபமாகவே எழுது. அவர் உன்னைத் திட்டித் தீர்ப்பார், திட்டட்டும். ஆனால் சந்தையில் யாராவது கேட்டால், ஏறலாம்தான், மகன் விடமாட்டேங்கான் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு வழி இருக்கும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மரம் சுரக்குமுன் உன் காகிதம் வந்து சேர வேண்டும், மறந்துவிடாதே.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
நேசம்மாள்