மல்லாட்டை உரிப்பவர்கள்

12-12-1985, வியாழன். திண்டிவனம்.

ஒலக்கூர் வட்டாரத்தின் தொழில் நிலை பற்றிய அறிக்கையை நாளை காலை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். ஓய்வு பெற்ற என்னை நம்பி அவர் கொடுத்த வேலை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் இயந்திரம் வைக்கலாம், அதனால் யாருக்கும் வேலை போகாது என்று நேற்றே எழுதி முடித்திருந்தேன்.

கணக்கெடுப்பில் விடுபட்ட ஒரு வீட்டுக்கு இன்று போனேன். வாசலில் நான்கு பெண்கள் முறங்களோடு உட்கார்ந்து விதைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரி செல்வியிடம் என்ன தொழில் என்று கேட்டேன்.

"தொழிலு இன்னா தொழிலு. வூட்ல சும்மாதாங்க இருக்கேன்."

வழக்கம்போல 'தொழில் இல்லை' என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவள் சிரித்துவிட்டாள்.

"சும்மா இருக்கிறவ வெரலப் பாருங்க சார், நகமே இல்ல. கூலிக்கு ஊரான் மல்லாட்டைய உரிச்சிக்கினு இருக்கா. இது இல்லன்னா எங்க நாலு வூட்லயும் அடுப்பு எரியாது."

எத்தனை வீடுகளில் இதே பதிலைக் கேட்டு இப்படியே எழுதியிருக்கிறேன். அங்கேயும் முறம் என் கண்ணெதிரில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அறிக்கையில் யாருக்கும் வேலை போகாது என்ற வரியை அடித்தேன். இயந்திரம் வந்தால் உரிக்கும் பெண்களுக்கு வேலை போகும், முதலில் அவர்கள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும் என்று மாற்றி எழுதினேன். அதிகாரி இயந்திரத்தில் ஆசையாக இருக்கிறார். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பார். தவறு என்னுடையது, எல்லா வீட்டுக்கும் மறுபடி போகிறேன் என்று சொல்ல வேண்டும். இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். இந்த அறையில் தடுமாறாமல் வருகிறது.