பலம் குறைக்கும் ஊசி

ராயபுரம்,
ஜூன் 1957

ரங்கூனில் இருக்கும் ரகுபதி அண்ணனுக்கு, குணசேகரன் வணக்கத்துடன் எழுதுவது.

சென்ற மாதக் கடைசியில் நம் தாலிம்கானா தேகப்பயிற்சிக் கழகத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. கசரத்து முடிந்ததும் குடிக்கும் பச்சை முட்டையை ஆளுக்கு ஒன்றிலிருந்து இரண்டாக உயர்த்துவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். கப்பலில் வந்து இறங்கிய விஷக் காய்ச்சலை ராயபுரம் இனிப் பொறுத்துக்கொள்ளாது என்பது தீர்மானத்தின் முகவுரை. முன்மொழிந்தவன் உங்கள் தம்பி எத்திராஜ். மறுநாளே படுத்துவிட்டான்.

காய்ச்சல் எனக்கும் வந்தது. காற்றடித்தால் சாய்கிற நான் நாலே நாளில் எழுந்தேன். ஹார்பரில் இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்குகிற எத்திராஜ் மூச்சுக்குத் தவித்தான். நமக்குக் கசரத்து சொல்லித்தரும் வஸ்தாது மஜீது பாய் இதைக் கழகத்துக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் அவன் உதடு நீலம் பாரித்துவிட்டது. அன்றுதான் என் தந்திக்குப் பதிலாக உங்கள் தந்தியும் வந்தது: எவ்வளவு செலவானாலும் பலம் தரும் ஊசி போடவும். டாக்டர் சௌக்கத் அலி படித்துவிட்டு, பலம் இப்போது கொஞ்சம் குறைந்தால் தேவலை என்றார்.

எங்களுக்குப் புரியும்படி அவர் சொன்னது இது. கிடங்கில் ஒரு திருடன் நுழைகிறான். பிடிப்பதற்கு ஹார்பர் ஆட்கள் மொத்தமும் உள்ளே பாய்கிறார்கள். திருடன் எடுத்தது ஒரு படி அரிசி, இவர்கள் மிதித்தே பாழாக்கியது நூறு மூட்டை. எத்திராஜின் நுரையீரலில் நடப்பது அதுதான். காய்ச்சலை விரட்டக் கிளம்பிய அவன் உடம்பே நுரையீரலை வீங்கவைத்து நீர் கட்டவைத்துவிட்டது. அந்த ஆவேசத்தை அடக்கக் கார்ட்டிஸோன் என்று ஒரு புது மருந்து இருக்கிறது. அடக்கினால் மூச்சு திரும்பலாம். காவலே இல்லையென்று திருடன் மறுபடி தலையெடுக்கவும் செய்யலாம். உத்தரவாதம் இல்லை என்று இரண்டு தடவை சொன்னார்.

மஜீது பாய் கொதித்துப்போனார். “இன்னா டாக்டரே, கீற தெம்பையும் அமுக்கறதுக்கு ஊசியா? புள்ளைய ஆட்டுக்கால் சூப்பு குட்து எழுப்பலாம்னு பாத்தா, நீ படுக்க வெச்சே அனுப்சிடுவ போலக்கீதே!” என்றார். விழுங்கவே முடியாதவனுக்குச் சூப்பா என்று டாக்டர் கேட்டார். பாயிடம் பதில் இருந்தது, ஆனால் அது மருத்துவம் சம்பந்தப்பட்டதில்லை.

கடைசியில் எல்லோரும் அவன் பெண்சாதி அங்கம்மாவைப் பார்த்தோம். உங்கள் தந்தி ஒரு பக்கம், புருஷன் உயிர் ஒரு பக்கம். அவள் டாக்டரிடம் ஒன்றுதான் கேட்டாள்: “உன் கூடப்பொறந்தவனா இருந்தா போடுவியா நைனா?” அவர் தந்தியை மடித்து என் கையில் கொடுத்தார். பிறகு, “போடுவேம்மா. பயந்துகொண்டே போடுவேன்” என்றார். “அப்ப போடு. நானும் பயந்துகினேதான் கீறேன்” என்றாள்.

போட்டார்கள், பென்சிலினோடு சேர்த்து. முதல் நாள் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாம் நாள் விடியும்போது உதடு உதடாகத் தெரிந்தது. மருந்தின் வேலையா, அவனாகவே திரும்பினானா என்று டாக்டர் அடித்துச் சொல்ல மறுக்கிறார். மஜீது பாய் மறுக்கவில்லை. வாசலில் நின்று தான் ஓதிய துவாதான் காரணம் என்கிறார்.

தந்தியை மீறியதற்குக் கோபப்படுவதானால் என்மேல் கோபப்படுங்கள், அங்கம்மாமேல் வேண்டாம். இன்னொன்று. நினைவு தப்பியிருந்தபோது எத்திராஜ் அவளைக் கூப்பிடவில்லை, என்னையும் கூப்பிடவில்லை. ஆறு வருஷமாக நீங்கள் இருவரும் பேசுவதில்லை என்பது எனக்குத் தெரியும், காரணம் கேட்கமாட்டேன். அடுத்த கடிதத்தை எனக்கு எழுதாமல் அவன் பெயருக்கே எழுதுங்கள். இரண்டு வரி போதும். அங்கே நீங்கள் கொதித்து ஆறிய தண்ணீரே குடித்து, கூட்டத்தில் போகாமல், உடம்பை முழுசாக வைத்திருக்க வேண்டும்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
குணசேகரன்

பி.கு. நேற்று கஞ்சியில் உப்பில்லை என்று நர்ஸம்மாவிடம் சண்டை பிடித்தான். இன்று காலை அவனைப் பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.