நூமான் மீன் என்று எழுதிய பலகை

அன்புள்ள அப்பாவுக்கு,

லாகோஸிலிருந்து புவாவியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? பெனுவே ஆற்றில் வெள்ளம் வடிந்து வலை போட ஆரம்பித்துவிட்டீர்களா? நான் சுகம்.

கவலைப்படாதீர்கள், மீன் கிடங்கு வேலையை விட்டுவிட்டேன். புகைபோட்ட மீனில் வண்டு விழாமலிருக்க, முதலாளி பாங்கோலே கொசு மருந்தைத் தெளிக்கச் சொன்னார். வாசல் பலகையிலோ நம் ஊர்ப் பெயரும் நம் இனத்தின் பெயரும்: 'நூமான் மீன், பச்சாமா மக்கள் கைப்பக்குவம்'.

"நீ பச்சாமாப் பொண்ணுதானே, நல்ல மீன்னு நீ சொன்னா சனங்க நம்புவாங்க" என்றார்.

"முதல்ல நீங்க ஒண்ணு சாப்பிடுங்க ஐயா, அப்புறம் சொல்றேன்."

"நான் இந்தக் கருமத்தையெல்லாம் தொடுறதே இல்லம்மா" என்று சிரித்தார். மருந்து நாற்றத்தைவிட அந்தச் சிரிப்புதான் அருவருப்பாக இருந்தது. மீன் வாங்க வாசலில் நின்ற பெண்களிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எத்தனை சோப்புப் போட்டும் கையில் அந்த வாடை போகவில்லை, சோறு இறங்கவில்லை. நீங்கள் புகைபோட்ட மீனும் கொஞ்சம் சோளமாவும் லாரியில் அனுப்புங்கள். வூனோன் திருவிழா மல்யுத்தத்தில் யார் ஜெயித்தார்கள் என்று எழுதுங்கள். இங்கே நம் பாஷையில் பேச ஆளில்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லாரிக்காரர் அவசரப்படுத்துகிறார். மீன் பொட்டலத்தின் மேல் உங்கள் பெயரை எழுதுங்கள் அப்பா. அதைப் பார்த்தால்தான் எனக்குச் சாப்பிட மனம் வரும்.

மகள்,
புவாவி